இரட்டை உதய வழி: ஆஸ்திரேலியாவுக்கும் இலண்டனுக்கும் இடையே தூரமும் நேரமும்

புவிக்கோளத்தின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, அவ்விரு ஊர்களையும் புவியின் மையத்தையும் ஒருசேர வெட்டிச் செல்லும் தளம் நிலப்பரப்பில் வரைகிற வட்டத்தின் ஒரு வில்லாகும். கணித நூல்கள் பெருவட்டம் என்று குறிப்பிடும் இவ்வட்டத்தின் மீது கணக்கிட்டால், இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சிட்னி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தூரம் கிடைக்கிறது. புவியில் எந்த இரு இடங்களும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஒன்றையொன்று விலகியிருக்க முடியாது என்பதால், இவ்விரு நகரங்களும் ஏறக்குறைய உலகின் எதிரெதிர் ஓரங்களில் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான தூரம் நூறாண்டுகளில் ஒரு கிலோமீட்டர்கூட மாறியதில்லை. மாறியதெல்லாம் பயண நேரம். 1919இல் இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரையை அடையவே நான்கு வாரங்கள் ஆயின. 1935இல் பன்னிரண்டரை நாட்களில் பிரிஸ்பேன் போய்ச் சேரலாம். 1947இல் நான்கு நாட்கள் போதும். இன்று ஓரிடத்தில் இறங்கி ஏறினாலும் ஒரு நாளுக்குள் பயணம் முடிகிறது. இந்தக் குறைவை இயந்திரங்களின் வேகம் கூடியதன் விளைவு என்று மட்டும் எழுதிவிடுவது வழக்கமாக இருந்தாலும், இவ்வான்வழியின் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. விமானம் எந்த நாட்டின் மண்ணில் இறங்க அனுமதிக்கப்பட்டது, இரவில் பறந்ததா அல்லது தங்கியதா, எவ்வளவு எரிபொருளுக்காக எத்தனை பயணிகளைக் கைவிட்டது ஆகிய கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே ஒவ்வொரு காலத்திலும் பயண நேரத்தைத் தீர்மானித்துள்ளன.

முதற்பயணமே இதற்குச் சான்று. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் பறந்துவரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுண்டு பரிசளிப்பதாக அந்நாட்டு அரசு 1919இல் அறிவித்தபோது, முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்களும், ஷியர்ஸ், பென்னட் என்னும் இரு இயந்திரப் பணியாளர்களும், குண்டுவீச்சுக்காக வடிவமைக்கப்பட்ட விக்கர்ஸ் விமி என்னும் ஈரிறக்கை விமானத்தில் நவம்பர் 12 அன்று ஹவுன்ஸ்லோவில் புறப்பட்டு, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினர். ஏறத்தாழ 28 நாட்கள் நீண்ட இப்பயணத்தில் அவர்கள் உண்மையில் வானில் இருந்தது 136 மணி நேரம், அதாவது ஆறு நாட்களுக்கும் குறைவு. எஞ்சிய நாட்கள் மழையிலும் சேற்றிலும் பழுதுபார்ப்பதிலும் எரிபொருளுக்காகக் காத்திருப்பதிலும் கழிந்தன. சுரபாயாவில் விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்தபோது, உள்ளூர் மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்து ஓடுபாதை அமைத்துக் கொடுத்ததால்தான் அது மீண்டும் மேலெழுந்தது. அதே பரிசுக்காகப் புறப்பட்ட மற்றக் குழுவினருள் நால்வர் உயிரிழந்தனர் என்பதையும் சேர்த்தே இச்சாதனையை மதிப்பிட வேண்டும்.

தூரத்தைப் பற்றியும் அப்பயணம் ஒன்றைத் தெரிவிக்கிறது. இலண்டனுக்கும் டார்வினுக்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 13,850 கிலோமீட்டராக இருக்க, ஸ்மித் சகோதரர்கள் பறந்தது 18,000 கிலோமீட்டருக்கு அண்மையில். கூடுதலான அந்த நான்காயிரம் கிலோமீட்டரும் அரசியல் வரைந்த வளைவு. நேர்வழி ஐரோப்பாவின் கிழக்கையும் நடு ஆசியாவின் உள்நிலத்தையும் கடந்து செல்கிறது. அங்கே எரிபொருளும் இல்லை, இறங்குதளமும் இல்லை, பிரிட்டனின் ஆட்சியும் இல்லை. எனவே விமானம் கெய்ரோ, பாஸ்ரா, கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று, பெரும்பாலும் பிரிட்டிஷ் படையும் நிர்வாகமும் நிலைகொண்டிருந்த ஊர்களைத் தொட்டுத் தொட்டே செல்ல வேண்டியிருந்தது. பின்னர் வந்த பயணிகள் சேவைகளும் இந்த வளைவையே பின்பற்றின.

இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டன்–கராச்சி சேவையை 1929 மார்ச்சில் தொடங்கியபோது, வளைவிலும் சில இடங்கள் அடைபட்டிருந்தன. இத்தாலிய அரசின் தடைகளால், பயணிகள் நடு ஐரோப்பாவில் விமானத்தை விட்டிறங்கி இரயிலில் இத்தாலியைக் கடந்து, அதன் பின்னரே அடுத்த விமானத்தில் ஏற நேர்ந்தது. பிற்காலத்தில் பாரிசிலிருந்து பிரிண்டிசி வரையிலான இரயில் பயணம் இவ்வான்வழியின் நிலையான பகுதியாகவே ஆகிவிட்டது. பாரசீக வளைகுடாவின் வடகரை வழியே பறக்க ஈரான் அளித்திருந்த அனுமதி 1932இல் முடிவுக்கு வந்தபோது, வழி முழுவதும் தென்கரைக்கு மாற்றப்பட்டது. அதுவரை முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்றிருந்த ஷார்ஜாவில் விமானத் தளமும் பயணிகள் தங்கக் கோட்டை போன்ற விடுதியும் எழுந்தது இவ்வாறுதான். வளைகுடாவின் விமான நிலையங்கள் இன்று உலகப் போக்குவரத்தின் மையங்களாக விளங்குவதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்தாலும், அவற்றின் தொடக்கத்தில் ஒரு மறுக்கப்பட்ட அனுமதி இருக்கிறது என்பது நினைவில் வைக்கத்தக்கது. தமிழகமும் இவ்வழியோடு அக்காலத்திலேயே இணைந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டைகளுடன் பறக்க, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவற்றைப் பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டுவந்தார். இலண்டனிலிருந்து கராச்சி வந்த விமானக் கடிதங்களைத் தென்னிந்தியாவுக்கு நீட்டிக்கவே இச்சேவை உருவாகியது.

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனமும் இம்பீரியல் ஏர்வேஸும் கூட்டாக 1934 டிசம்பரில் இலண்டன்–பிரிஸ்பேன் அஞ்சல் வழியைத் திறந்தன. மறு ஆண்டு ஏப்ரலில் பயணிகளும் ஏற்றப்பட்டனர். பன்னிரண்டரை நாட்கள் என்பது அக்காலக் கப்பல் பயணத்தோடு ஒப்பிட்டால் பெரும் முன்னேற்றமே. ஆயினும் அதே 1934இன் அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்பர்ன் வரை நடந்த விமானப் பந்தயத்தில், ஸ்காட், கேம்பல் பிளாக் என்னும் இருவர் 71 மணி நேரத்தில் இலக்கை அடைந்திருந்தனர். டச்சு நிறுவனமான கே.எல்.எம்., மூன்று பயணிகளை ஏற்றிய ஒரு டக்ளஸ் டிசி-2 விமானத்துடன் நான்கு நாட்களுக்குள் பந்தய வழியை முடித்து இரண்டாம் இடம் பெற்றது. இயந்திரத்தால் மூன்று நான்கு நாட்களில் இயன்ற பயணம் சேவையில் பன்னிரண்டு நாட்களுக்கு நீண்டதன் காரணம், பயணிகள் ஒவ்வோர் இரவும் தரையில் உறங்கினர் என்பதே. இரவில் ஒளியூட்டப்பட்ட தளங்களும் நம்பத்தக்க வானொலி வழிகாட்டலும் வழிநெடுக அமையாதவரை, சூரியன் மறையும் நேரமே அன்றைய பயணத்தின் எல்லையாக இருந்தது. 1938இல் சௌதாம்ப்டனுக்கும் சிட்னியின் ரோஸ் பே துறைக்கும் இடையே பறக்கும் படகுகள், அதாவது அடிப்பாகம் படகின் உடல்போல் அமைந்து நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் விமானங்கள், சேவைக்கு வந்தபோதும் பயணம் பத்து நாட்கள் அளவிலேயே நின்றது. பதினைந்து பேருக்கு மிகாத பயணிகள் பகலில் பறந்து, இரவில் விடுதிகளில் தங்கிச் சென்றனர்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததுடன் இவ்வழி நடுவில் அறுந்தது. அடுத்த சில வாரங்களில் ஜாவாவும் ரங்கூனும் அந்தமானும் கிறிஸ்துமஸ் தீவும் கைமாறின. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே தொட்டுச் செல்ல ஒரு நிலம்கூட எஞ்சாத நிலையில், இலண்டனுடன் விமானத் தொடர்பை மீட்டெடுக்க ஒரே வழிதான் இருந்தது: இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடப்பது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ஸ்வான் ஆற்றின் கழிமுகத்திலிருந்து இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரி வரை பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். அன்று உலகில் எந்தப் பயணிகள் சேவையும் இத்தூரத்தை இடையில் இறங்காமல் கடந்ததில்லை.

கொக்கலை ஏரி இதற்கு முன்பே போருக்குள் இழுக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் விமானப்படை அங்கே பறக்கும் படகுத் தளம் அமைத்தபோது, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் வாழ்ந்த கிராம மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பிய ஒன்றாகும். அது இன்று அவர் பெயரிலான அருங்காட்சியக வளாகத்துக்குள் நிற்கிறது. வான்பயண வரலாற்று நூல்கள் கொக்கலையை ஒரு தளத்தின் பெயராக மட்டுமே பதிவு செய்துவிட்டுக் கடந்து போவது நியாயமன்று. ஆஸ்திரேலியாவை இலண்டனோடு இணைத்த வழிக்கு ஒரு கிராமம் தன் இருப்பிடத்தையே கொடுத்திருக்கிறது. 1942 ஏப்ரல் 4 அன்று கனடிய விமானி லியனார்ட் பர்ச்சால் இவ்வேரியிலிருந்து கேட்டலினா வகைப் பறக்கும் படகில் சென்று, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலியில் எச்சரித்தார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் சிறைப்பட்டாலும், மறுநாள் கொழும்பும் ஐந்து நாட்களில் திருகோணமலையும் தாக்கப்பட்டபோது அவை முன்னறிவிப்பின்றி அகப்படவில்லை.

குவாண்டாஸ் தனது நீண்ட கடற்பறப்புக்குத் தேர்ந்தெடுத்ததும் அதே கேட்டலினாவைத்தான். வேகம் அதன் பலமன்று. மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டியே அது பறந்தது. குறைந்த எரிபொருளில் நெடுநேரம் வானில் நிலைக்கும் ஆற்றலே அதன் சிறப்பு. அதுவும் போதாதென்று, விமானத்தினுள் இருந்த பனியுருக்கும் கருவிகளும் வெப்பக்காப்பு உறைகளும் கழற்றப்பட்டு, கூடுதல் தொட்டிகள் பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 9,000 லிட்டர் எரிபொருள் நிரப்பப்பட்டது. ஆறரை டன் எடையுள்ள இந்த எரிபொருளைச் சுமந்து அது கொண்டு சென்றது மூன்று பயணிகளையும் 69 கிலோ தூதரக, இராணுவ அஞ்சலையும் மட்டுமே. தூரம் என்பது எடையாக மாறும் விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு சேவை இல்லை எனலாம்: தொலைவு கூடக் கூட எரிபொருள் கூடுகிறது, அந்த எரிபொருளைச் சுமக்கவே மேலும் எரிபொருள் தேவைப்படுகிறது, முடிவில் மனிதருக்கான இடம் சுருங்கிவிடுகிறது. புறப்பட்ட முதற்சில மணி நேரங்களில், எடை குறையும்வரை, இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் விமானம் உயரத்தில் நிலைத்திருக்க இயலாது என்பதும் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

1943 ஜூலையில் முறையான சேவை தொடங்கியது. பறப்பு நேரம் காற்றைப் பொறுத்து 27 மணி முதல் 33 மணி வரை நீண்டது. எதிரியின் ரோந்து எல்லைக்குட்பட்ட கடற்பகுதி இருளில் கடக்கப்படும்படி புறப்பாடு திட்டமிடப்பட்டது. ஆயுதமற்ற விமானத்தின் இருப்பை வானொலி அலை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், வழிநெடுக வானொலி மௌனம் காக்கப்பட்டது. எனவே வழிகாண்போர் நம்பியிருந்தது விண்மீன்களையே. செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் குறிப்பிட்ட விண்மீன்கள் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளந்து, துல்லியமான கடிகாரத்தோடும் அட்டவணைகளோடும் ஒப்பிட்டு, விமானம் இருக்கும் இடத்தை அவர்கள் கணித்தனர். ஐந்து விமானங்களுக்கும் அவ்வாறு வழிகாட்டிய விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரஸ், ஸ்பைக்கா. நம் பஞ்சாங்கங்கள் திருவோணம், அபிஜித், கேட்டை, சித்திரை என்று கணக்கில் கொள்ளும் மீன்கள் இவற்றுள் நான்கு. ரைகல் மட்டும் மிருகசீரிடத்தை ஒட்டிய வேட்டைக்காரன் உருவின் காலடியில் ஒளிரும் மீன்.

ஒரு நாளையும் விஞ்சிய இப்பறப்பில் பயணிகள் இறங்குமுன் சூரியன் இரண்டு முறை உதிப்பதைக் கண்டனர் என்பதால், சேவை இரட்டை உதயம் என்று பெயர் பெற்றது; பயணம் முடித்தவர்களுக்கு இரட்டை உதய இரகசியக் குழுவின் உறுப்பினர் என்று சான்றிதழும் வழங்கப்பட்டது. 1945 ஜூலை வரை 270க்கு மேற்பட்ட கடப்புகள் நடந்தும் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. போர் முடிந்தபின் அவ்விமானங்கள் பாதுகாக்கப்படவில்லை. அவை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஐந்தில் ஒன்றையேனும் காத்திருக்க வேண்டும் என்று இன்று தோன்றுவது இயல்பே.

இதனிடையே, 1944இல், நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் என்னும் தரைவிமானமும் இவ்வழிக்கு வந்தது. பேர்த்திலிருந்து வடக்கே லியர்மன்த் வரை சென்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்கு ஏறத்தாழ 4,900 கிலோமீட்டரைப் பதினேழு மணி நேரத்தில் அது கடந்தது. இச்சேவையின் விமானங்களில்தான் குவாண்டாஸின் கங்காரு சின்னம் முதன்முதலாகத் தீட்டப்பட்டது. இலண்டன் வழிக்குக் கங்காரு வழி என்ற பெயர் நிலைத்ததும் இதன் தொடர்ச்சியே. பாய்ந்து பாய்ந்து செல்லும் அவ்விலங்கின் நடை, இறங்கி ஏறிச் செல்லும் பயணத்துக்குப் பொருந்தியது.

1947 டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து புறப்பட்ட கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளுடன் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியே இலண்டனை அடைந்தது. பறப்பு நேரம் 55 மணி. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கலையும் சேர்த்து நான்கு நாட்கள். கல்கத்தாவும் கராச்சியும் அப்போது இரு வேறு சுதந்திர நாடுகளின் நகரங்களாகி நான்கு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. பேரரசு விலகிய பிறகும் அது வரைந்த நிறுத்தங்களின் வரிசை மட்டும் அப்படியே இருந்தது. 1959இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்து இரவுத் தங்கல்களை ஒழித்தன. 1970களில் 747கள் நிறுத்தங்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. ஜெட்டின் வேகத்துக்கு ஈடாக அதன் தூர எல்லை கூடிக்கொண்டே வந்ததும் இதற்குக் காரணம்.

நிறுத்தமே இல்லாமல் இலண்டனிலிருந்து சிட்னிக்குப் பறக்க முடியும் என்பதை 1989 ஆகஸ்டில் ஒரு புதிய 747-400 விமானம் மெய்ப்பித்தது. சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட அடர்த்தி மிக்க எரிபொருளை நிரப்பி, அதில் ஒரு துளியும் தரையில் வீணாகாதபடி ஓடுபாதை வரை வண்டியால் இழுத்துச் செல்லப்பட்ட அவ்விமானம், மிகச் சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு 20 மணி 9 நிமிடத்தில் சிட்னியில் இறங்கியது. கேட்டலினா சந்தித்த அதே எடைக் கணக்கை அதுவும் சந்தித்தது. கட்டணம் செலுத்தும் பயணிகளை நிரப்பினால் அப்பயணம் இயலாது. அவ்வகையில் அது ஒரு செய்முறை விளக்கமாகவே நின்றுவிட்டது. இலேசான கலப்புப் பொருட்களால் உடல் அமைந்த போயிங் 787-9 வந்த பின்னரே, 2018 மார்ச்சில், பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே 14,498 கிலோமீட்டர் தூரத்தை இடைநிறுத்தமின்றி ஏறத்தாழ பதினேழரை மணி நேரத்தில் கடக்கும் முறையான சேவை தொடங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் நிறுத்தமின்றி இணைத்த முதல் சேவை இது.

இங்கே கால அட்டவணையில் காணப்படும் பயண நேரம் எதைக் குறிக்கிறது என்பதை விளக்குவது தகும். விமான நிறுவனங்கள் பிளாக் நேரம் என்று வழங்கும் அளவு, நிலையத்தில் சக்கரத் தடுப்புகள் எடுக்கப்படும் கணத்தில் தொடங்கி, சேருமிடத்தில் அவை மீண்டும் வைக்கப்படும் கணத்தில் முடிகிறது. ஆதலால் ஓடுபாதைக்கு ஊர்வதும் வரிசையில் நிற்பதும் அதற்குள் அடங்கும். இதைவிடப் பெரிய வேறுபாட்டைக் காற்று உண்டாக்குகிறது. நடு அட்சரேகைகளின் மேல் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் ஜெட் காற்றோட்டம், சில வேளைகளில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் விஞ்சுகிறது. விமானத்தின் வேகம் தன்னைச் சூழ்ந்த காற்றை வைத்தே அளக்கப்படுவதால், கிழக்கே செல்லும் விமானம் இந்த ஓட்டத்தை முதுகில் பெற்று முன்னதாகவே சேர்கிறது. மேற்கே செல்வது அதே தூரத்துக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் எரிபொருளும் செலவிடுகிறது.

குவாண்டாஸ் இப்போது சிட்னியிலிருந்தே இலண்டனுக்கு நிறுத்தமின்றிப் பறக்கத் திட்டமிட்டு, கூடுதல் எரிபொருள் தொட்டியுடன் கூடிய ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களை 2022இல் வாங்க முடிவெடுத்தது. கொக்கலை வழியை நினைவுகூர்ந்து இத்திட்டத்துக்கு உதயத் திட்டம் என்று பெயரிடப்பட்டுள்ளது. பிற நிறுவனங்கள் அதே வகை விமானத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோரை ஏற்ற, இங்கே 238 இருக்கைகளே அமைகின்றன. 2019 நவம்பரில் நடத்தப்பட்ட ஆய்வுப் பறப்பொன்று இலண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடம் எடுத்துக்கொண்டது. அதில் அளக்கப்பட்டவை பயணிகளின் உறக்கம், உணவு, அசைவு, விமானிகளின் விழிப்பு ஆகியவை. 1935இல் ஒவ்வோர் இரவும் தரையில் கிடைத்த உறக்கத்தை இருபது மணி நேரம் வானிலேயே அளிக்க இயலுமா என்பதே அங்கே ஆராயப்பட்டது.

நிலத்தின் அரசியலும் இவ்வழியை விட்டு அகன்றுவிடவில்லை. 2024இல் ஈரானைச் சூழ்ந்த பகுதியில் போர்ப் பதற்றம் முற்றி, அந்நாட்டு வான்வெளியைத் தவிர்க்க நேர்ந்தபோது, பேர்த்–இலண்டன் வழி நீண்டது. எதிர்காற்றில் அந்த நீண்ட வழியைக் கடக்கப் போதிய எரிபொருளோடு முழு எண்ணிக்கையில் பயணிகளையும் ஏற்ற இயலாததால், பேர்த்திலிருந்து புறப்பட்ட விமானங்கள் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. இலண்டனிலிருந்து பேர்த்துக்குத் திரும்பும் விமானங்களோ, காற்றைத் துணையாகப் பெற்றமையால், அக்காலத்திலும் நிறுத்தமின்றியே வந்துசேர்ந்தன.